சேரியில் நின்ற சிறு பள்ளி: திருச்சபைத் தொடக்கப் பள்ளிகளின் கல்வித் தரம்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டினர். மன்னர்களையும் போர்களையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். நாம் எழுத விரும்புவது ஓர் ஓட்டுக் கட்டடத்தின் வரலாற்றை. ஒரே அறை, சாணம் மெழுகிய தரை, ஞாயிற்றுக்கிழமையில் வழிபாட்டுக் கூடம், மற்ற நாட்களில் வகுப்பறை, ஒருவரோ இருவரோ ஆசிரியர். செங்கற்பட்டு, ஆர்க்காடு, தஞ்சை வட்டாரங்களில் நம் மக்கள் வாழ்ந்த சேரிகளில் இத்தகைய பள்ளிகள் பல நின்றன. நம் மூத்தோர் அவற்றைக் 'கோயில் பள்ளிக்கூடம்' என்றும் 'மிஷன் பள்ளிக்கூடம்' என்றும் வழங்கினர்.

இப்பள்ளிகளைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு உண்டு. "அந்தப் பள்ளி இல்லாவிட்டால் நமக்கு எழுத்தே கிடைத்திராது" என்பார் ஒரு சாரார். "பாட்டும் செபமும் அன்றி அங்கே என்ன கற்பித்தார்கள்?" என்பார் மற்றொரு சாரார். நன்றியுணர்வு மட்டும் வரலாறு ஆகாது. ஏளனமும் வரலாறு ஆகாது. அப்பள்ளிகள் எதைக் கொடுத்தன, எதைக் கொடுக்கத் தவறின, அவற்றின் கல்வித் தரத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்பனவற்றை இளைஞர்களாகிய நீங்கள் அறிந்துகொள்ளுதல் வேண்டும். இன்று உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடும்போது அந்த அளவுகோல் உங்களுக்குத் தேவைப்படும்.

திண்ணையும் சேரியும்

தமிழகத்தில் பள்ளிகளே இல்லாதிருந்தன என்று எண்ணுதல் தவறு. சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளைப் பற்றிய கணக்கைக் கேட்டார். 1826-ஆம் ஆண்டில் அவர் தொகுத்துரைத்தபடி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். ஊர்த் திண்ணைகளில் அண்ணாவியார் அமர்ந்து, மணலில் விரலால் எழுதப் பழக்கி, எண்சுவடியையும் நீதி நூல்களையும் மனப்பாடம் செய்வித்தார். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். ஆனால் அந்தத் திண்ணை ஊருக்குள் இருந்தது. நாம் ஊருக்கு வெளியே இருந்தோம்.

இதில் ஒரு வியப்பான செய்தி உண்டு. சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு 1789-ஆம் ஆண்டில் டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் தலைமை ஏற்றார். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விழைந்தார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதனைத் திறம்பட நடத்தினான். 1797-ஆம் ஆண்டில் பெல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். அம்முறை 'சென்னை முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்துத் திருச்சபைப் பள்ளிகளில் பரவியது. நம் மண்ணின் கற்பித்தல் முறை கடல் கடந்து இலண்டன் சென்று சேர்ந்தது. ஊருக்கும் சேரிக்கும் இடையிலிருந்த சிறு வரப்பை மட்டும் அன்று அது கடக்கவில்லை.

பள்ளி நம் தெருவுக்கு வந்தது

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளுட்சோவும் சீர்திருத்தத் திருச்சபையின் பணியைத் தமிழகத்தில் தொடங்கினர். அடுத்த சில ஆண்டுகளிலேயே பள்ளிகளும் அச்சுக்கூடமும் தோன்றின. ஆயினும் கதவு திறந்தவுடன் சமத்துவமும் உள்ளே வந்துவிட்டதென்று கூற இயலாது. கோயிலுக்குள்ளேயே சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் அமரும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 1833-ஆம் ஆண்டில் பிஷப் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தபோது, பல ஊர்களில் உயர்சாதிக் கிறித்தவர்கள் அதனை எதிர்த்துச் சபையை விட்டே வெளியேறினர். இந்த உண்மையை மறைத்து எழுதப்படும் எந்த வரலாறும் நமக்கு உதவாது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் மக்கள் குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் சேரி முழுவதுமாகத் திருச்சபையை நாடினர். செங்கற்பட்டு மாவட்டத்தில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் நம் மக்களின் நிலைமையைக் குறித்து அரசுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதினர். அம்மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையும், 1892-ஆம் ஆண்டின் பஞ்சமி நில ஆணையும் அக்காலத்தவையே. நிலத்தைத் தொடர்ந்து கல்வியிலும் அரசின் கவனம் திரும்பியது. 1893-ஆம் ஆண்டில் பஞ்சமர் கல்விக்கெனச் சில தனிச் சலுகைகள் ஆணையாக வெளிவந்தன. சேரிப் பள்ளிகளை நடத்தும் பணி பெரும்பாலும் மிஷன்களின் கையிலேயே இருந்தது.

மிஷன்கள் மட்டுமே இப்பணியைச் செய்தன என்றும் கருதற்க. 1894-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916-ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். 1920-ஆம் ஆண்டையொட்டி அரசின் தொழிலாளர் துறை நம் பிள்ளைகளுக்கென 'லேபர் பள்ளி'களை ஏற்படுத்தியது. இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகளுக்கு முன்னோடி அவையே.

இன்ஸ்பெக்டர் வரும் நாள்

இனித் தரத்தைப் பற்றிப் பேசுவோம். 1854-ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறைக்கு வழிவகுத்தது. பின்னர்ச் சென்னை மாகாணத்தில் தொடக்கப் பள்ளிகளுக்குத் 'தேர்ச்சி மானியம்' என்னும் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் குறித்த நாளில் வருவார். பிள்ளைகளை நிற்க வைத்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறியவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும்.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இம்முறை, சேரிப் பள்ளியில் என்ன செய்தது? ஆசிரியரின் கூலி பிள்ளையின் வாயில் இருந்தது. ஆகவே, தேறக்கூடிய பிள்ளை ஆசிரியருக்கு மானியம். தேறாத பிள்ளை சுமை. கடை வரிசையில் அமர்ந்தவனைத் தூக்கிவிட நேரமும் இல்லை, ஊதியமும் இல்லை. வாசகப் புத்தகத்தை முதலிலிருந்து முடிவு வரை ஒப்புவிக்கப் பழக்கினால் அந்நாள் கடந்துவிடும். ஒப்புவிப்பது வாசிப்பு ஆகாது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடத்தைப் பிழையின்றிச் சொல்லும் பிள்ளைகளை எம் பணிக்காலத்திலேயே கண்டிருக்கிறோம். இந்நோய் மிகப் பழையது என்பதற்காகவே இதனைக் கூறுகிறோம்.

மற்றொரு கணக்கு இன்னும் கொடியது. 1929-ஆம் ஆண்டில் வெளிவந்த ஹார்டாக் குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23-ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் இருந்த ஒவ்வொரு 100 சிறுவரிலும் 1925-26-ஆம் ஆண்டில் நான்காம் வகுப்பில் இருந்தோர் 18 பேரே என்று காட்டியது. நாடு முழுவதற்குமான கணக்கு இது. பண்ணையாளின் பிள்ளையும், மாடு மேய்க்கும் சிறுவனும், தம்பி தங்கையைச் சுமக்கும் சிறுமியும் பயின்ற சேரிப் பள்ளியில் நிலைமை இதனினும் நன்றாக இருந்திருக்கும் என்று நம்ப இடமில்லை. நாற்று நடவும் அறுவடையும் வரும்போது பள்ளி காலியாகும். முதல் வகுப்பில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு, எழுத்துக் கூட்டும் நிலைக்கு வருமுன் நின்றுவிடுவோர் பலர். சேரியில் பள்ளி இருந்தது. பதிவேட்டில் பெயரும் இருந்தது. ஆனால் படிப்பு முழுமையாக வந்து சேரவில்லை. பெயர் எழுதப் பழகியதைக் கல்வி என்று நம் முன்னோர் மகிழ்ந்தனர். அதற்கு முன் அதுவும் இல்லாதிருந்தமையால் அவர்கள் மகிழ்ந்ததில் பிழையில்லை. நாம் அதனோடு நின்றுவிடுவதுதான் பிழை.

அப்பள்ளி கொடுத்தது

அவ்வாறாயின் அப்பள்ளிகளால் பயன் யாது என்று கேட்கலாம். பயன் பெரிது. ஊர்ப் பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் சாவடியிலும் நடந்த காலம் அது. அங்கே செல்ல நம் பிள்ளைகளுக்குத் தெருவே இல்லை. 1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த பிறகே, பொதுச் சாலைகளும் கிணறுகளும் அலுவலகங்களும் அனைவருக்கும் உரியன என்னும் ஆணை பிறந்தது. அத்தகைய காலத்தில், கல்வி தேடி நாம் அடுத்த தெருவுக்குச் செல்ல இயலாதபோது, பள்ளி நம் தெருவுக்கு வந்தது.

பள்ளியோடு ஆசிரியரும் வந்தார். இதுவே நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி. உபதேசியாராகவும் ஆசிரியராகவும் இருந்த அவர் பலவிடங்களில் நம் இனத்தவரே. அவருக்குக் கிடைத்த ஊதியம் சொற்பம், பயிற்சி குறைவு, அவரே எட்டாம் வகுப்பைத் தாண்டாதவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் சேரியில் குடியிருந்தார். எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை, எவன் பட்டினியோடு வந்தான், எவள் காய்ச்சலால் வரவில்லை என்பன அவருக்குப் பதிவேடு பாராமலே தெரியும். பகலில் உழைத்தோருக்கு அரிக்கேன் விளக்கின் கீழ் இராப்பள்ளி நடத்தியோரும் உண்டு. கடன் பத்திரத்தில் எழுதிய தொகை எவ்வளவு என்று பிறர் தயவின்றிப் படித்துப் பார்க்கும் ஒருவன் தெருவில் தோன்றினால், அத்தெருவை ஏய்ப்பது கடினமாயிற்று. தாசில்தாருக்கு மனு எழுத ஊருக்குள் சென்று கைகட்டி நிற்க வேண்டிய அவசியமும் குறைந்தது.

இவ்வகைப் பள்ளிகளால் பயன் பெற்றோர் கிறித்தவர் மட்டும் அல்லர். 1883-ஆம் ஆண்டில் பிறந்த பெருந்தலைவர் எம். சி. ராஜா அவர்கள் சென்னையில் வெஸ்லி மிஷன் பள்ளியிலும் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர். தாமும் ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர்ச் சட்டமன்றத்தில் நம் பிள்ளைகளின் கல்விக்காக வாதாடியவர். அவர் இந்துவாகவே வாழ்ந்தார். கல்வி கொடுத்த கையை அவர் மறக்கவும் இல்லை. அக்கைக்கு அடிமையாகவும் இல்லை. நமக்கு உரிய மனநிலை அதுவே.

குறைகளையும் சொல்லிவிடுதல் முறை. பல பள்ளிகளில் மறைப்பாடத்திற்குக் கிடைத்த நேரம் கணக்குப் பாடத்திற்குக் கிடைக்கவில்லை. சேரிப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பே போதும் என்னும் குறுகிய எண்ணமும் இருந்தது. அதற்கு மேல் படிக்க விரும்பியவன் தொலைவிலிருந்த விடுதிப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். அவ்விடம் கிடைத்தோர் சிலரே. சிறந்த ஆசிரியர்களும் வசதிகளும் நகரத்து உயர்நிலைப் பள்ளிகளுக்குச் செல்ல, மிச்சமே சேரிக்கு வந்தது.

நாம் கண்ட பள்ளி

நாமும் அத்தகைய ஒரு பள்ளியின் மாணவரே. 1970-களின் நடுவில், செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். இருவரும் கணவன் மனைவியர். பெரிய வகுப்புகள் ஐயாவிடம். ஒன்றும் இரண்டும் டீச்சரம்மாவிடம். மதியம் கோதுமைச் சோறு. நடுவில் தடுப்புச் சுவர் இல்லாமையால், இரண்டாம் வகுப்பில் இருந்தபோதே ஐந்தாம் வகுப்புப் பாடம் எம் காதில் விழும்.

டீச்சரம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அருகில் அழைப்பார். பாடப் புத்தகத்தைத் தரமாட்டார். கடலை மடித்து வந்த செய்தித்தாள் துண்டையோ, பழைய நாட்காட்டித் தாளையோ கையில் கொடுத்து, "இதைப் படி" என்பார். முன்பு பாராத பக்கத்தைப் படிப்பவனே படித்தவன் என்பது அவர் கொள்கை. படிக்க இயலாதவனை அடிக்கமாட்டார். அடுத்த வாரம் முழுவதும் தம் நாற்காலிக்குப் பக்கத்தில் அமர்த்திக்கொள்வார். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருவனைத் துணைக்கு வைப்பார். ஆண்ட்ரூ பெல்லின் பெயரை அவர் கேள்விப்பட்டிருப்பாரோ, அறியோம். பி.எட். பயிற்சியின்போது அம்முறையைப் புத்தகத்தில் படித்த நாளில், அந்த நாற்காலிதான் எம் நினைவுக்கு வந்தது.

எனினும் அவராலும் அனைவரையும் காக்க இயலவில்லை. எம்மோடு ஒரே பாயில் அமர்ந்து படித்த நண்பர் ஒருவர் மூன்றாம் வகுப்பில் நின்றுவிட்டார். டீச்சரம்மா மூன்று முறை அவர் வீட்டுக்குச் சென்றார். "அம்மா, அவன் மாடு ஓட்டினால்தான் வீட்டுக்கு நெல் வரும்" என்றார் அவர் தந்தை. அதற்கு டீச்சரம்மாவிடம் விடையில்லை. எம் வீட்டில் ஓட்டுவதற்கு மாடு கிடைக்கவில்லை, நாம் படித்தோம். எமக்கும் அவருக்கும் இடையே அறிவில் வேற்றுமை இருந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நண்பர் தம் பேத்தியை ஆறாம் வகுப்பில் சேர்க்க எம் பள்ளிக்கு வந்தார். விண்ணப்பப் படிவத்தை நீட்டியபோது, "நீங்களே எழுதிடுங்க, சார்" என்றார். ஒரே பாயில் அமர்ந்தவர் எம்மைச் 'சார்' என்று அழைத்த அந்தக் கணம் எம் நெஞ்சில் தைத்தது. அச்சிறுமி கட்டணம் பெறும் ஆங்கில வழிப் பள்ளி ஒன்றில் ஐந்து ஆண்டுகள் படித்தவள். ஆடு விற்றுக் கட்டணம் கட்டியிருந்தார்கள். கழுத்துப்பட்டியும் காலணியும் குறைவின்றி இருந்தன. மேசை மீதிருந்த செய்தித்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். ஒரு வரியும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. தாத்தா மூன்றாம் வகுப்பில் விட்ட இடத்திற்கு அப்பால் பேத்தியும் செல்லவில்லை. ஒரே வேற்றுமை, அவளுடைய கல்வி இன்மைக்கு அவர்கள் பணம் கட்டியிருந்தார்கள் என்பதே.

நமக்கு வேண்டிய அளவுகோல்

இன்று பல சிற்றூர்களில் திருச்சபைத் தொடக்கப் பள்ளிகள் மாணவரின்றி மெலிந்து வருகின்றன. ஊதியத்தை அரசு தருகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என அளவு வகுத்துள்ளது. காலை உணவுத் திட்டம் 2022-ஆம் ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கி, 2024-ஆம் ஆண்டில் ஊரகத்திலும் 2025-ஆம் ஆண்டில் நகர்ப்புறத்திலும் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தது. பட்டினியோடு வந்த எம் தலைமுறைக்குக் கிட்டாத பேறு அது. பெருந்தொற்றுக்குப் பின் 2021-ஆம் ஆண்டில் 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022-ஆம் ஆண்டில் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் வந்தன. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கு ஏற்பப் பிரித்துக் கற்பிக்கும் பின்னைய முறை, டீச்சரம்மாவின் நாற்காலியை நினைவூட்டுகிறது.

சிறு பள்ளி என்பதால் தாழ்ந்தது அன்று; பெரிய கட்டடம் என்பதால் உயர்ந்ததும் அன்று. திருச்சபைப் பள்ளியாயினும், அரசுப் பள்ளியாயினும், கட்டணப் பள்ளியாயினும், அளவுகோல் ஒன்றே: உள்ளே சென்ற ஒவ்வொரு பிள்ளையும், கடை வரிசைப் பிள்ளை உட்பட, முன்பு பாராத ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் கூறுகிறதா? அந்தச் சிறு பள்ளிகள் இதில் வென்ற இடங்களில், பிள்ளையை அறிந்த ஓர் ஆசிரியர் நிலைத்து நின்றார். தோற்ற இடங்களில், பதிவேட்டுக்கும் மானியத்திற்கும் பள்ளி நடந்தது. அல்லது வறுமை பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டது.

ஆகவே, நம் சங்கத்தின் இளைஞர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, உங்கள் தெருவில் இரண்டாம் வகுப்பைக் கடந்த ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் திங்களுக்கு ஒரு முறை ஒரு புதிய பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, படிக்க இயலாத பிள்ளையைச் சங்கத்தின் மாலை வகுப்புக்கு அழைத்து வந்து, மூத்த மாணவர் ஒருவரைத் துணையாக்குங்கள். மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்குச் சென்று, சுவரின் வண்ணத்தைப் பற்றிக் கேட்குமுன் வாசிப்பைப் பற்றிக் கேளுங்கள்.

அந்தப் பேத்தியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவள் நம் சங்கத்தின் மாலை வகுப்பில் சேர்ந்தாள். கல்லூரியில் பயிலும் நம் பெண் ஒருத்தி அவளுக்குத் துணையிருந்தாள். அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒரு மாலையில், தாத்தாவின் குடும்ப அட்டையை வாங்கி, அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். அவர் தம் பெயர் வந்தபோது, "இன்னொரு தடவை படி, கண்ணு" என்றார். அவள் மீண்டும் படித்தாள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவர் விட்டுச் சென்ற பாயில் இன்று அவருடைய பேத்தி அமர்ந்திருக்கிறாள். அவளை எழுப்பி மாட்டின் பின்னே அனுப்ப எவராலும் இயலாதவாறு காப்பது நம் பொறுப்பு.